ரேம் நிறைந்திருந்தால் குறையா? – வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கணினி வேலை செய்யும்போது தரவைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகமான ரேமைப் பற்றியவை. அவற்றுள் ஆறு கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நாமக்கல்லில் ஒரு கோழிப்பண்ணையில் கணக்கு எழுதுகிறேன். என் மடிக்கணினியில் 8 ஜி.பி. ரேம், எஸ்.எஸ்.டி. (சுழலும் பாகங்கள் இல்லாத வேகமான சேமிப்பு வட்டு), விண்டோஸ் 11 உள்ளன. டேலி, எக்செல், உலாவி தவிர வேறு எதையும் பயன்படுத்துவதில்லை. வேலையில் தடங்கல் எதுவும் இல்லை. ஆனால் எதையும் திறப்பதற்கு முன்பே டாஸ்க் மேனேஜரில் மெமரி 50 விழுக்காட்டைத் தாண்டி நிற்கிறது. "பாதி ரேம் சும்மாவே போய்விடுகிறது, 16 ஆக்கிவிடுங்கள்" என்கிறார் கடைக்காரர். மாற்றத்தான் வேண்டுமா?

வேண்டாம். வேலையில் தடங்கல் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ரேம் வாங்குவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்க அதைவிட நல்ல சான்று கிடையாது.

அந்த விழுக்காடு பலரையும் அச்சுறுத்துகிறது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். வன்தட்டில் இடம் காலியாக இருந்தால் நாளைக்கு ஆகும். ரேமில் காலியாகக் கிடக்கும் இடமோ அந்த நேரத்தில் யாருக்கும் பயன்படாத இடம், அவ்வளவுதான். ஆகவே இன்றைய இயங்குதளங்கள் ரேமை முடிந்தவரை நிரப்பி வைத்துக்கொள்ளும்படியே எழுதப்பட்டிருக்கின்றன. 2007-இல் பரவலாக விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில், நீங்கள் அடிக்கடி திறக்கும் நிரல்களை முன்கூட்டியே ரேமில் கொண்டுவந்து வைக்கும் சூப்பர்ஃபெட்ச் என்ற ஏற்பாடு சேர்க்கப்பட்டது. அதுவே இன்று சிஸ்மெயின் என்ற பெயரில் உங்கள் கணினியில் ஓடிக்கொண்டிருக்கிறது. தினமும் காலையில் டேலியைத் திறப்பவருக்கு அது சட்டென்று திறப்பதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள்; டாஸ்க் மேனேஜர் திறக்கும். 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் 'மெமரி' என்பதைத் தொட்டால், வரைபடத்துக்குக் கீழே பல பிரிவுகளாகப் பிரிந்த ஒரு பட்டை தெரியும். இடப்பக்கம் இருப்பது 'இன் யூஸ்', அதாவது இப்போது பயன்பாட்டில் உள்ளது. அதற்கு வலப்புறம் அகலமாகத் தெரிவது 'ஸ்டாண்ட்பை': முன்பே படித்து வைத்த தரவு. கடைசியில் ஒரு கீற்றுப் போலத் தெரிவதுதான் 'ஃப்ரீ'. அந்தக் கீற்று மெலிந்திருப்பதைப் பார்த்துத்தான் பலர் பதறுகிறார்கள். ஆனால் ஸ்டாண்ட்பையில் இருப்பவற்றின் பிரதி வட்டில் பத்திரமாக இருக்கிறது. வேறொரு நிரல் இடம் கேட்டால் அந்த நொடியே அவற்றை விட்டுக்கொடுத்துவிடலாம். எனவே ஸ்டாண்ட்பையையும் ஃப்ரீயையும் கூட்டிக் காட்டும் 'அவைலபிள்' என்ற எண்ணை மட்டும் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இப்போது 55 விழுக்காடு என்றால் 16 ஜி.பி. ஆக்கியதும் அது பாதியாகக் குறைந்துவிடும் என்று கணக்குப் போட முடியாது. இடம் தாராளமாக இருக்கும்போது விண்டோஸ் எதையும் அவசரப்பட்டு வெளியேற்றுவதில்லை. நெருக்கடி வரும்போதுதான் நிரல்களிடமிருந்து பக்கங்களை, அதாவது நினைவகத்தின் சிறு துண்டுகளை, பறிக்கும், அல்லது 2015-இல் விண்டோஸ் 10 உடன் வந்த முறைப்படி அவற்றைச் சுருக்கி ரேமிலேயே வைக்கும். அதனால் பெரிய ரேம் உள்ள கணினி, சும்மா இருக்கும்போதும் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளும்.

ஐயம் தீரவில்லை என்றால், உங்களுக்கு வேலை மிகுந்த நாளில் அளந்து பாருங்கள். மாதம் 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-3பி என்ற ஜி.எஸ்.டி. படிவத்தைத் தாக்கல் செய்யும்போது டேலி, நான்கைந்து எக்செல் கோப்புகள், ஜி.எஸ்.டி. தளம், வங்கித் தளம் எல்லாம் ஒன்றாகத் திறந்திருக்கும். அந்த நேரத்திலும் அவைலபிள் ஒரு ஜி.பி.க்கு மேல் இருந்தால் உங்கள் 8 ஜி.பி. போதுமானது. கடைக்காரருக்குக் கொடுக்கவிருந்த பணத்தில், கணக்குகளை நகலெடுத்து வைக்க வெளிப்புற வட்டு ஒன்று வாங்குங்கள்; கணக்கு எழுதுபவருக்கு அதுதான் இன்றியமையாதது.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வடிவமைப்பாளராக இருக்கிறேன். 8 ஜி.பி. ரேம் உள்ள மேசைக்கணினி. போட்டோஷாப்பில் காலண்டர் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கோரல்டிராவுக்குப் போனால் திரை அப்படியே நின்று, அரை நிமிடம் கழித்துத்தான் அசைகிறது. திரும்பி வந்தாலும் அதே கதை. "படம் 12 எம்.பி. தானே, அதற்கு எதற்கு ரேம்?" என்கிறார் முதலாளி. அவருக்கு என்ன சொல்வது?

கணக்கையே காட்டுங்கள். 12 எம்.பி. என்பது ஜேபெக் கோப்பாகச் சுருங்கி வட்டில் கிடக்கும் அளவு. திருத்துவதற்காகத் திறந்தவுடன் அது முழுமையாக விரிந்தாக வேண்டும். 20 அங்குல அகலமும் 30 அங்குல உயரமும் உள்ள காலண்டரை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் செய்தால் 6,000-ஐ 9,000-ஆல் பெருக்கி 5 கோடியே 40 லட்சம் புள்ளிகள் வரும். நான்கு வண்ண அச்சு என்பதால் புள்ளிக்கு நான்கு பைட்டு. ஆக 21 கோடியே 60 லட்சம் பைட்டுகள், அதாவது 200 எம்.பி.க்கும் சற்று மேல். பரப்பு முழுவதையும் நிரப்பும் ஒரே ஓர் அடுக்குக்கு இந்த அளவு. பின்னணி, முருகன் படம், அதன் நிழல், ஓரப்பூ, பொன்னிற எழுத்து, கடையின் பெயர் என்று அடுக்குகள் கூடக்கூட நினைவகத் தேவையும் ஏறிக்கொண்டே போகும். செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறுவதற்காகப் போட்டோஷாப் சேமித்து வைக்கும் பழைய நிலைகள் தனி. 16 பிட் முறையில் வேலை செய்தால் எல்லாமே இரட்டிப்பாகும். விண்டோஸுக்கும் கோரல்டிராவுக்கும் உரிய பங்கைச் சேர்த்தால் 8 ஜி.பி. எங்கே போயிற்று என்பது விளங்கும்.

திரை நின்றுபோகும் அந்த அரை நிமிடத்தில் நடப்பது இதுதான். ரேமில் இடம் இல்லாததால் விண்டோஸ் போட்டோஷாப்பின் தரவை 4 கே.பி. அளவுள்ள பக்கங்களாக வட்டிலுள்ள பேஜ்ஃபைல் என்ற கோப்புக்கு அனுப்பிவிட்டு, கோரல்டிராவின் பக்கங்களை அங்கிருந்து கொண்டுவருகிறது. நீங்கள் திரும்பும்போது அதே வேலையை எதிர்த்திசையில் செய்கிறது. நிரலை ஓட்டுவதைவிடப் பக்கங்களைத் தூக்கிச் சுமப்பதிலேயே நேரம் கழியும் இந்த நிலைக்குத் 'திராஷிங்' என்று பெயர். அமெரிக்கக் கணினி அறிஞர் பீட்டர் டென்னிங் 1968-இலேயே இதன் காரணத்தை விளக்கியிருக்கிறார்: ஒரு நிரலுக்கு அந்த நேரத்தில் உடனடியாகத் தேவைப்படும் பக்கங்களின் தொகுப்பு ரேமில் கொள்ளாதபோது வேகம் படிப்படியாகக் குறைவதில்லை, ஒரேயடியாகச் சரிந்துவிடுகிறது. உங்கள் கணினி காலையில் ஒரு படத்தோடு நன்றாக ஓடிவிட்டு, இரண்டாவது படத்தைத் திறந்ததும் முடங்குவதன் காரணம் அதுவே.

சரிவு எவ்வளவு ஆழமானது என்பதையும் முதலாளியிடம் சொல்லுங்கள். ரேமிலிருந்து ஒன்றை எடுக்க ஒரு நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், அதே விகிதத்தில் எஸ்.எஸ்.டி.யிலிருந்து எடுக்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுக்க ஒரு நாளுக்கு மேல் ஆகும்.

சான்றையும் சேர்த்துக் கொடுங்கள். விண்டோஸிலேயே உள்ள ரிசோர்ஸ் மானிட்டர் என்ற நிரலில் மெமரி பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு நிரல்களுக்கும் மாறிமாறிப் போங்கள். 'ஹார்ட் ஃபால்ட்ஸ்' என்ற எண்ணிக்கை நொடிக்கு நூற்றுக்கணக்கில் எகிறி அங்கேயே நின்றால், தேவையான பக்கம் ரேமில் இல்லாமல் ஒவ்வொரு முறையும் வட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது என்று பொருள். ஒரு நிரலை முதன்முறையாகத் திறக்கும்போது அது சற்று உயர்ந்து அடங்குவது இயல்பு. அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். டாஸ்க் மேனேஜரில் உள்ள 'கமிட்டட்' எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அது ரேமின் அளவைத் தாண்டுவது மட்டுமே குறையாகாது, ஏனெனில் நிரல்கள் கேட்டு வாங்கிய இடம் முழுவதையும் பயன்படுத்துவதில்லை. ஆனால் அது தாண்டியிருக்க, அவைலபிள் சில நூறு எம்.பி.க்கு இறங்கியிருக்க, ஹார்ட் ஃபால்ட்ஸும் ஓயாமல் இருந்தால் ஐயத்துக்கு இடமே இல்லை. அந்தத் திரையைக் கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டுங்கள்.

போட்டோஷாப்புக்கு அடோபி நிறுவனம் குறைந்தபட்சமாகச் சொல்வதே 8 ஜி.பி.; பரிந்துரைப்பது 16. இரண்டு நிரல்களைச் சேர்த்து ஓட்டும் உங்களுக்கு 16 கட்டாயம், 32 கிடைத்தால் நிம்மதி. அதுவரை போட்டோஷாப்பின் விருப்பத்தேர்வுகளில், அதற்கென ஒதுக்கப்பட்ட ரேம் விழுக்காட்டை 70-இலிருந்து 50, 55 அளவுக்குக் குறைத்து வையுங்கள். எடுத்துக்கொண்ட நினைவகத்தை மூடும்வரை கையில் வைத்திருப்பது அதன் வழக்கம். அதைக் கட்டுப்படுத்தினால் கோரல்டிராவுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைக்கும். போட்டோஷாப் தற்காலிகத் தரவை எழுதும் வட்டான ஸ்கிராட்ச் டிஸ்க்காக, எஸ்.எஸ்.டி. இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

என் அண்ணன் கொடுத்த 2016-ஆம் ஆண்டு மடிக்கணினியில் 4 ஜி.பி. ரேமும் 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க்கும் உள்ளன. விண்டோஸ் 10 எழுந்து வரவே ஐந்து நிமிடமாகிறது. கல்லூரி வேலைகளுக்கு மட்டும்தான் தேவை. கையிலுள்ள பணத்துக்கு ஒன்றுதான் வாங்க முடியும். ரேமா, எஸ்.எஸ்.டி.யா? – மாணவி, மதுரை

எஸ்.எஸ்.டி. வாங்குங்கள், தங்கையே. கணினி எழுந்து வருவதற்குள்ளேயே ஐந்து நிமிடம் போகிறது என்றால், அந்த நேரத்தில் ரேம் நிரம்பியிருக்கக்கூட வாய்ப்பு குறைவு. ஹார்ட் டிஸ்க்கின் முள் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடி அலைவதுதான் காரணம். டாஸ்க் மேனேஜரில் 'டிஸ்க்' 100 விழுக்காட்டில் நிற்பதைப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். எஸ்.எஸ்.டி. போட்டால், 4 ஜி.பி. போதாமல் பக்கங்கள் வட்டுக்குப் போகும் நேரங்களிலும் தாமதம் பெருமளவு குறையும். ரேமை மட்டும் கூட்டினால் எழுந்து வரும் நேரம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும்.

உலாவியில் மட்டும் கொஞ்சம் சிக்கனம் தேவை. ஸ்பெக்டர் என்ற பாதுகாப்புக் குறைபாடு வெளிப்பட்ட 2018-இல், குரோம் உலாவி ஒவ்வொரு தளத்தையும் தனித்தனிச் செயல்முறையாகப் பிரித்து ஓட்டத் தொடங்கியது. பாதுகாப்புக்கு அது நல்லது. ரேம் செலவு அதனால் கூடியது. குரோமில் ஷிஃப்டும் எஸ்கேப்பும் அழுத்தினால் எந்த டேப் எவ்வளவு எடுக்கிறது என்ற பட்டியல் வரும். அமைப்புகளில் மெமரி சேவரை இயக்கிவிட்டால், நீண்ட நேரம் பார்க்காத டேப்கள் ரேமிலிருந்து விடுவிக்கப்படும்.

இதையும் உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியாது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. 2016-ஆம் ஆண்டுக் கணினியின் செயலி விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இராது. ஆகவே இதில் பெரிய தொகையைப் போட வேண்டாம், எஸ்.எஸ்.டி. போட்டு, விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளமாகிய லினக்ஸின் எடை குறைந்த பதிப்பு ஒன்றை நிறுவினால் 4 ஜி.பி.யிலேயே படிப்பை முடித்துவிடலாம். அந்த எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி வெளிப்புற வட்டாகப் பின்னாளிலும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

திருப்பூரில் பின்னலாடைக் கிடங்கு நடத்துகிறேன். பில் போடும் கணினி காலையில் வேகமாக இருக்கிறது, மாலையில் மந்தமாகிவிடுகிறது. தினமும் இரவு நிறுத்திவிட்டுத்தான் போகிறோம். 16 ஜி.பி. இருந்தும் போதவில்லையா?

16 ஜி.பி. போதாமல் இல்லை, எங்கோ ஒழுகுகிறது. வாங்கிய நினைவகத்தை வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க மறக்கும் நிரலில் இப்படி நடக்கும். 32 ஆக்கினால் மந்தம் வரும் நேரம் தள்ளிப்போகும், அவ்வளவே; ஒழுக்கு நிற்காது. ஒழுகுவது எது என்று கண்டுபிடியுங்கள். டாஸ்க் மேனேஜரின் 'டீட்டெய்ல்ஸ்' பகுதியில் ஒவ்வொரு நிரலும் கேட்டு வாங்கிய நினைவகத்தைக் காட்டும் 'கமிட் சைஸ்' என்ற பத்தியைச் சேர்த்து, காலை பத்து மணிக்கு ஒரு முறையும் மாலை ஐந்து மணிக்கு ஒரு முறையும் எண்களைத் தாளில் எழுதி ஒப்பிடுங்கள். செய்யும் வேலை ஒன்றாகவே இருக்க, ஒரு நிரல் மட்டும் நாள் முழுவதும் ஏறிக்கொண்டே போயிருந்தால் அதைத் தந்தவரிடம் அந்தத் தாளோடு பேசுங்கள். எந்த நிரலும் ஏறாமல் மெமரி பகுதியிலுள்ள 'நான்-பேஜ்டு பூல்' (வட்டுக்கு அனுப்பாமல் ரேமிலேயே வைக்கப்படும் இயங்குதளப் பகுதி) மட்டும் ஜி.பி. கணக்கில் வளர்ந்திருந்தால் பிரிண்டர், நெட்வொர்க் போன்ற வன்பொருளை இயக்கும் ஏதோவொரு டிரைவர் நிரலைச் சந்தேகிக்கலாம்.

இரவு நிறுத்துகிறீர்கள் என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற ஏற்பாடு இருப்பதால், 'ஷட் டவுன்' கொடுத்தால் இயங்குதளத்தின் உள்மையம் உறங்கவைக்கப்பட்டு மறுநாள் அப்படியே எழுப்பப்படுகிறது. டிரைவரில் ஒழுக்கு இருந்தால் அது நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகும். முழுமையாகத் துடைத்துவிட்டுத் தொடங்க 'ரீஸ்டார்ட்' கொடுக்க வேண்டும். உரிய திருத்தம் வரும்வரை மதிய உணவுக்குப் போகும்போது ஒரு முறை ரீஸ்டார்ட் செய்து வாருங்கள்.

பழைய கணினியில் இரண்டு 4 ஜி.பி. ரேம்களைப் போட்டேன். '8 ஜி.பி., பயன்படுத்தத்தக்கது 3.4 ஜி.பி.' என்று காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா? – தஞ்சாவூர்

இல்லை, உங்கள் விண்டோஸ் 32 பிட் பதிப்பாக இருக்க வேண்டும். அது முகவரியிடக்கூடிய இடம் இரண்டின் 32-ஆம் அடுக்கு, அதாவது 4 ஜி.பி. மட்டுமே, அதிலும் ஒரு பகுதி கிராஃபிக்ஸ் முதலிய வன்பொருள்களுக்குப் போய்விடுகிறது. செயலி 64 பிட் எனில் கோப்புகளை நகலெடுத்துக்கொண்டு 64 பிட் பதிப்பைப் புதிதாக நிறுவுங்கள். ரேமைச் சுத்தம் செய்து இடத்தை மீட்பதாகச் சொல்லும் இலவச நிரல்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவை நிரல்களின் பக்கங்களைக் கட்டாயப்படுத்தி வெளியே தள்ளிவிட்டு எண்ணைக் குறைத்துக் காட்டுகின்றன. அடுத்த நிமிடம் அதே பக்கங்களை மீண்டும் கொண்டுவர வேண்டியிருப்பதால் கணினி இன்னும் மெதுவாகும். நிறுவ வேண்டாம்.

எனக்கு ரேம் தேவை என்பது உறுதியாகிவிட்டது. மடிக்கணினியில் 8 ஜி.பி. டி.டி.ஆர்.4 இருக்கிறது. வாங்குவதற்கும் நானே பொருத்துவதற்கும் வழி சொல்லுங்கள். – பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்

முதலில், ரேம் பொருத்தும் ஸ்லாட்களில் எத்தனை நிரம்பியுள்ளன என்பதைச் சொல்லும் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்ற வரியை டாஸ்க் மேனேஜரில் பாருங்கள். இரண்டில் ஒன்று என்று இருந்தால் பெரும்பாலும் நல்ல செய்தி. ஆனால் அதை மட்டும் நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், அந்த வரி அதைச் சரியாகக் காட்டாமலும் போகலாம். உங்கள் மாதிரி எண்ணுக்கு உரிய கையேட்டில் ஸ்லாட் உண்டா, உச்ச அளவு எவ்வளவு, மூடியைத் திறந்தாலும் உத்தரவாதம் செல்லுமா என்ற மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

தலைமுறை மாறக்கூடாது. டி.டி.ஆர்.3, 4, 5 ஆகியவை வெவ்வேறு மின்னழுத்தத்தில் இயங்குபவை, டி.டி.ஆர்.4-க்கு 1.2 வோல்ட், டி.டி.ஆர்.5-க்கு 1.1 வோல்ட். ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராதபடி விளிம்பிலுள்ள வெட்டும் இடம் மாற்றி வைக்கப்பட்டிருக்கிறது. வேகம் மாறினால் ஆபத்தில்லை. இரண்டும் மெதுவானதன் வேகத்தில் ஓடும். இருக்கும் 8-உடன் இன்னொரு 8 சேர்ப்பதே உங்களுக்குச் சிறந்தது. டி.டி.ஆர்.4-3200 ரேம் ஒன்று நொடிக்கு 25.6 ஜி.பி. வரை கடத்தும், சம அளவுள்ள இரண்டு ரேம்கள் இரட்டைத் தடத்தில் ஓடும்போது அந்த உச்சம் 51.2 ஆகிறது. தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத மடிக்கணினி ரேமையே திரைக்கும் பயன்படுத்துவதால் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். 2025-இன் பிற்பகுதியிலிருந்து, செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் ரேம் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியிருக்கிறது. எனவே பழைய ரேம் வாங்க நேரிட்டாலும் தவறில்லை, திருப்பிக் கொடுக்கும் வசதியோடு வாங்குங்கள்.

பொருத்தும் முன் ரீஸ்டார்ட் அல்ல, முழு நிறுத்தம். சார்ஜரைக் கழற்றி, பின்மூடியைத் திறந்து, பலகையிலிருந்து பேட்டரியின் இணைப்பை விடுவித்துவிட்டு, ஆற்றல் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். ஏதேனும் ஓர் உலோகப் பரப்பைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கிவிட்டு, ரேமை ஓரங்களில் மட்டும் பிடியுங்கள். ஸ்லாட்டிலுள்ள மேட்டோடு வெட்டு பொருந்தும்படி ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் உள்ளே தள்ளுங்கள். பொன்னிற முனைகள் ஏறக்குறைய முழுவதும் மறைய வேண்டும். பிறகு கீழே அழுத்தினால் இருபுறமும் உள்ள கொக்கிகள் 'டக்' என்று பிடிக்கும். அந்த ஒலி ஒரு பக்கம் மட்டும் வந்தால் எடுத்துவிட்டு மீண்டும் போடுங்கள். பழைய ரேமின் முனைகளை அழிப்பான் வைத்து அழுத்தித் தேய்க்கும் வழக்கம் கடைகளில் உண்டு. பொன்பூச்சு மிக மெல்லியது, தேவைப்பட்டால் மென்மையாக ஒரு முறை துடைத்தால் போதும், துகள் ஸ்லாட்டுக்குள் விழக்கூடாது.

இயக்கியதும் திரை கறுப்பாகவே சற்று நேரம் நின்றால் உடனே அணைத்துவிட வேண்டாம். புதிய ரேமைக் கணினி அளந்து பழகிக்கொள்ளும் நேரம் அது, டி.டி.ஆர்.5 கணினிகளில் இதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகும். எழுந்து வந்த பிறகு தொடக்கப் பட்டியில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்று தேடி, இரவு படுக்கப் போகும் முன் அதை ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் மறுநாளே அந்த ரேமைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.